வாளுக்குக் கறள் ஏற்றிய கதை

ஊரெல்லாம் பழசைப் புதுசாக்கிப் பெயர் வாங்கும். நான் புதுசைப் பழசாக்கிப் பேச்சு வாங்கினேன். நாடகங்களுக்கு வாள், வேல், ஈட்டி, கேடயம், கத்தி எல்லாம் செய்து, அவை நூறு வருஷம் சண்டை பிடித்துக் களைத்தவை போலக் காட்டுவது என் தொழில். எண்பத்தெட்டில் தொடங்கித் தொண்ணூற்றிரண்டு வரை மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு கொட்டிலில் இருந்து இதைச் செய்தேன். எங்கள் பக்கத்தில் துருவைக் கறள் என்போம். அதனால் ஊர் எனக்கு வைத்த பட்டமும் 'கறள்'. அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

துவக்கு, துப்பாக்கி வகை மட்டும் செய்வதில்லை. எங்கள் நாடகங்களை எழுதி ஆட்டுவித்த குணம் மாஸ்டரின் கட்டளை அது. "வெளியிலை பாத்தது போதும். மேடையிலையாவது இல்லாமல் இருக்கட்டும்" என்பார். எனவே எங்கள் நாடகங்களில் அரசர்கள்தான் அதிகம். மேடைக்குப் பின்னால் நின்று வியர்த்தவர்களே, பசையில் விரல் ஒட்டியவர்களே, பெண் கேட்கப் போய்ப் பேச்சுக் கேட்டு வந்தவர்களே, இந்தத் துணுக்குகள் உங்களுக்கு. மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

மினுங்கிய வாள்

நான் செய்த முதல் வாளை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. பலகையை வாள் போல அரிந்து, சிகரெட் பெட்டிகளில் வரும் வெள்ளித்தாளை ஊரெல்லாம் பொறுக்கி ஒட்டியிருந்தேன். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் அதை உருவியபோது முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். அரசனாக நடித்தவர் பருத்தித்துறைச் சின்னராசா அண்ணை. வள்ளம் வைத்திருந்தவர்; கடலில் கூப்பிட்டுப் பழகிய குரல். அந்தக் குரலில், "நாற்பது ஆண்டுகள் கானகத்தில் கிடந்த என் தந்தையின் வாளே!" என்று அவர் முழங்க, வாளோ நேற்றுப் பிறந்த பிள்ளை மாதிரிச் சிரித்தது.

நாடகம் முடிய முன்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பி வந்தார். தில்லையம்பலத்தார். சந்தியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். கோயில் நாடகம் ஒன்றையும் விடமாட்டார். உட்காரக் கதிரையும் வீட்டிலிருந்தே கொண்டுவருவார். வாளை வாங்கினார், திருப்பினார், நகத்தால் சுரண்டினார். வெள்ளித்தாள் கிழிந்து பலகை பல்லைக் காட்டியது. பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "தம்பி, நாப்பது வருஷம் காட்டிலை கிடந்த வாள் உப்பிடி மினுங்குது எண்டால் அந்தக் காட்டின்ரை விலாசத்தை எனக்குத் தா. என்ரை கடைச் சரக்கு முழுக்க அங்கை கொண்டுபோய் வைக்கப் போறன்."

இரண்டு இரண்டு ஆணியாக

கறள் எப்படி இருக்கும் என்று படிப்பதற்காக அவருடைய கடைக்கே போனேன். முட்டாள்தனம்! அந்தக் கடையில் கறளே கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் மனிதர் ஒவ்வொரு கத்தியையும் மண்வெட்டியையும் எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவி வைப்பார். கறள் கிடைக்கவில்லை, அவருடைய மகள் புவனாவைக் கண்டேன். ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து என் தொழிலுக்கு ஆணி அதிகம் தேவைப்பட்டது. ஒரேயடியாக வாங்கினால் ஒருநாளோடு முடிந்துவிடுமே; அதனால் இரண்டு இரண்டாக வாங்கினேன். "ரெண்டு ஆணியிலை அப்பிடி என்ன நாடகம் போடுறியள்?" என்று கேட்டாள். ஆறு மாதத்தில் என்னிடம் ஒரு வீட்டுக்குக் கூரை போடுமளவு ஆணி இருந்தது. அவளிடமும் சம்மதம் இருந்தது.

அம்மாவும் குணம் மாஸ்டரும் போய்ப் பெண் கேட்டார்கள். நான் நல்ல பிள்ளையாகப் பின்னால் நின்றேன். தில்லையம்பலத்தார் தேத்தண்ணியும் வடையும் தந்து உபசரித்துவிட்டுத்தான் தலையில் அடித்தார். "மாப்பிள்ளை என்ன வேலை எண்டு சனம் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? கறள் பிடிக்க வைக்கிறார் எண்டோ? நான் முப்பது வருஷமாய்க் கறளோடை மல்லுக்கட்டுறன், மாஸ்டர்." மாஸ்டர் கலை, காவியம் என்று ஏதோ தொடங்கினார். மனிதர் கையைக் காட்டி மறித்தார். கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. பிறகு அவர் என் தலைவிதியை ஒரே மூச்சில் எழுதினார்: "சரி, நான் பொல்லாத மனிசன் இல்லை. உவன்ரை கறள் என்ரை கண்ணை ஒருக்கா ஏமாத்தட்டும், ஒரேயொருக்கா. அண்டைக்கே பிள்ளையைத் தாறன்."

செம்பாட்டுக் கறள்

ஏமாற்றுவது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். எங்கள் பக்கத்து மண் செம்பாடு. சும்மா பார்த்தாலே கறள் நிறம். மண்ணை அரித்து, கஞ்சிப் பசையில் குழைத்து, வாள் முழுக்கப் பூசிக் காய வைத்தேன். என்ன அழகு! அம்மாவே பார்த்துவிட்டு "சீ, தொடாதை, கறள் கீறினால் ஏற்பூசி போடவேண்டி வரும்" என்றா. அதைவிட நல்ல சான்றிதழ் உண்டா?

சின்னராசா அண்ணைக்கு வியர்த்தால் வாளி வாளியாக வியர்க்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அன்றைய காட்சி இரண்டு அரசர்கள் சமாதானம் பேசுவது. வாளைக் கீழே வைக்கப்போகிறேன் என்று சொல்வதற்காக அதைத் தலைக்கு மேலே தூக்கினார். கறள் கரைந்து கை வழியாக இறங்கி, நெஞ்சும் வெள்ளை வேட்டியும் முழங்கால்வரை சிவந்தன. பெண்கள் பக்கத்திலிருந்து "ஐயோ, வெட்டுப்பட்டுப் போச்சு!" என்று ஒரே கூக்குரல். சமாதானம் பேச வந்த மற்ற அரசன் பயந்து நாலடி பின்வாங்கினான். சின்னராசா அண்ணை குனிந்து தன்னைப் பார்த்தார், சபையைப் பார்த்தார், இனி வேறு வழியில்லை என்று முடிவு செய்து, "துரோகி!" என்று ஒரு சத்தம் போட்டு விழுந்து இறந்தார். நாடகம் அரைமணித்தியாலம் முன்னதாகவே முடிந்தது. மாஸ்டர் திரைக்குப் பின்னால் தலையில் கைவைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

தில்லையம்பலத்தார் என்னைத் தேடி வந்து தோளில் தட்டினார். "கறள் புளி போட்டு உரஞ்சினாலும் லேசிலை போகாது, மோனை. உன்ரை கறள் வேர்வைக்கே போகுது. ஆனால் ஒண்டு, சின்னராசா செத்தது அசல்."

கள்ளு மணத்த வாள்

கரையாத கறள் வேண்டுமென்றால் உண்மையான இரும்பு வேண்டும் என்றார் மாஸ்டர். கொல்லன் பட்டறையில் அள்ளிய இரும்புத்தூளை வாளில் பசையோடு ஒட்டி, உப்புக் கரைத்த புளித்த கள்ளைத் தெளித்து மூன்று நாள் மூடி வைத்தேன். திறந்தபோது கறள் பூத்திருந்தது. பூசியதல்ல, பூத்தது! கையால் தேய்த்தாலும் போகவில்லை, தண்ணீர் ஊற்றினாலும் கரையவில்லை. நான் அன்றிரவே கலியாணத்துக்கு யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்று பட்டியல் போட்டுவிட்டேன்.

மணம் போகவில்லை. சின்னராசா அண்ணை முருகனுக்கு நேர்ந்து குடியை விட்டு ஏழு வருஷமான மனிதர். அவர் இடுப்பில் அந்த வாளைக் கட்டிக்கொண்டு கோயில் வீதியில் நடந்தபோது, மிருதங்கக்காரர் தன் பாயை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார். காற்று மாறி வீச, முன்வரிசை முழுக்க ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தது. தில்லையம்பலத்தார் கறளைப் பார்க்கவே இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு கதிரையைத் தூக்கிப் பின்னால் போட்டார். கடைசியில் கோயில் ஐயர் திரையை விலக்கித் தலையை நீட்டி, மெல்லிய குரலில் கேட்டார்: "மாஸ்டர், ராசா குடிக்கிறது கதையிலை இருக்கோ, இல்லாட்டி வாள் தன்ரை பாட்டிலை குடிக்குதோ?"

போர்த்துக்கீசர் காலத்துக் கேடயம்

கேடயத்தில் வெட்டுக்காயம் வேண்டும். பிஸ்கட் தகரத்தைத் தட்டிக் கேடயமாக்கி, சுத்தியலால் வரிசையாக அடித்துக் காயம் போட்டேன். தில்லையம்பலத்தார் அதைப் பார்த்துவிட்டு, எதிரி அடிமட்டம் வைத்துக் கோடு போட்டா வெட்டினான் என்று கேட்டார். அடுத்ததைச் சைக்கிளின் பின்னால் கட்டி, கல் ரோட்டில் இரண்டு மைல் இழுத்தேன். காயம் சரியாக வந்தது. இனிக் கறள் வேண்டும். கொழும்புத்துறைக் கடலோரச் சேற்றில் புதைத்துவிட்டு, ஒரு கிழமை கழித்து வரலாம் என்று வந்துவிட்டேன். உப்புத் தண்ணீர் செய்யும் வேலையை எந்தக் கள்ளும் செய்யாது.

திரும்பிப் போனால் கேடயத்தைக் காணோம். இறால் பிடிக்கப் போனவர்களின் காலில் தட்டுப்பட, அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய், சரித்திரம் படித்த ஒரு பென்சன்காரரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் வீட்டு விறாந்தையில் சனம். கேடயம் ஒரு ஸ்டூலில் வெள்ளைத் துணியின் மேல் வீற்றிருந்தது, பக்கத்தில் ஒரு சாடிப் பூ வேறு. போர்த்துக்கீசர் காலம் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். அதில் எத்தனை வாள் வெட்டு, எந்தக் கையால் வெட்டியது என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், மறுபக்கம் பெருமை தாங்கவில்லை. படித்த மனிதர் ஒருவர் ஏமாந்துவிட்டார். ஏமாற வேண்டியவர் ஏமாறவில்லையே! கேடயத்தைத் திருப்பி, உள்பக்கத்தில் பாதி அழிந்திருந்த பிஸ்கட் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு தளராமல் சொன்னார்: "ஏன் தம்பி, போர்த்துக்கீசர் பிஸ்கட் தின்னமாட்டினமோ?"

அம்மாவின் சாம்பல்

இதை எழுதும்போது இன்னும் வயிறு எரிகிறது. நவராத்திரி முடிகிற நாள் எங்களுக்கு நாடகம். அதற்காக இரண்டு மாதம் மினக்கெட்டு ஒரு வாளும் இரண்டு வேலும் செய்திருந்தேன். தகரத்தில் செய்தவை. கறள் அடுக்கடுக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக, இடையிடையே கறுப்பு. மணமும் கிடையாது, மூன்று கிழமை வெயிலில் போட்டு மணத்தைக் கொன்றிருந்தேன். இந்தமுறை தில்லையம்பலத்தார் தப்ப மாட்டார் என்று மாஸ்டரே சொன்னார்.

சரஸ்வதி பூசைக்கு வீட்டில் அவரவர் தொழிற்சாமானைப் படத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம். காலமை எழும்பிக் குளித்து வந்து பார்த்தேன். படத்துக்கு முன்னால் வாளும் வேலும் பளபளவென்று, வெள்ளிச் சாமான் மாதிரிப் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். அம்மா விடியமுன்னம் எழும்பிப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மூன்று தரம் மினுக்கியிருக்கிறா. கை இரண்டும் வெந்து சிவந்திருந்தன. நான் குழறிய குழறலில் பக்கத்து வீட்டு நாய் எழும்பிக் குரைத்தது. "ஊர் பாக்கிற சாமானை ஊத்தையோடை அனுப்பினால், தாய் இல்லாத பிள்ளை எண்டெல்லோ சொல்லுவினம்!" என்று அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தா. அந்தக் கைகளைப் பார்த்தேன். அப்படியே தூக்கிக்கொண்டு போனேன்.

மேடைக்குப் பின்னால் தில்லையம்பலத்தார் வாளை எடுத்து முகம் பார்த்தார். மீசையைக்கூட அதில் சரிசெய்துகொண்டார். யார் மினுக்கியது என்று கேட்டார். அம்மா என்றேன். "கொம்மாவுக்கு என்ரை கடையிலை எப்பவும் வேலை இருக்கு, தம்பி. உனக்குத்தான் இல்லை."

செய்தி பூசிய வாள்

தொண்ணூறுக்குப் பிறகு பொருளாதாரத் தடை. பெயின்ற் இல்லை, மண்ணெண்ணெய் தங்கத்துக்குச் சமானம், ரோர்ச் பற்றறியைக் கண்ணால் காண முடியாது. பழைய பற்றறியை உடைத்து அதற்குள் இருக்கும் கரியை எண்ணெயில் குழைத்து வாளின் இடுக்குகளில் விட்டால், நூறு வருஷத்து அழுக்கு மாதிரி நிற்கும். ஆகவே செத்த பற்றறிக்காக நான் குப்பை மேடுகளில் அலைந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டு மதிலில் நான்கு பற்றறி வரிசையாகக் கிடந்தன. தானாக வந்த சீதேவி என்று எடுத்துப் போய் உடைத்துவிட்டேன்.

அது அந்த வீட்டு ஓவசியர் ஐயாவின் ரேடியோப் பற்றறி. செத்த பற்றறியைப் பகல் முழுக்க வெயிலில் காயப்போட்டால் பின்னேரம் பத்து நிமிஷம் உயிர் வரும். செய்தி கேட்க அது போதும். அந்தப் பத்து நிமிஷத்துக்காக எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க அவர் முற்றத்தில் கூடியிருந்தது. ஐயா மதிலைத் தடவினார். பிறகு வேலிக்கு மேலால் என் கறுத்த கைகளைப் பார்த்தார். ஏச்சுக் கேட்கத் தயாராக நான் எழும்பி நின்றேன். அவர் ஏசவில்லை. தன் கதிரையை என் கொட்டில் வாசலில் கொண்டுவந்து போட்டு, காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார். பின்னால் பதினைந்து பேர். "இண்டையான் செய்தி முழுக்க உன்ரை வாளிலைதான் பூசிக் கிடக்கு. நீயே வாசி தம்பி, நாங்கள் கேக்கிறம்."

வெயிலில் தெரிந்தது

இரவில் வெளிச்சம் வைத்தால் ஹெலிகொப்டர் வந்து சுடும் என்று நாடகங்களைப் பின்னேரம் மூன்று மணிக்கு மாற்றினார்கள். எல்லாருக்கும் நன்மை, எனக்குத்தான் சனி. பெற்றோல்மாக்ஸ் எவ்வளவு பொய்யை மூடி மறைத்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. வெயிலில் என் கறள் தவிட்டு நிறப் பூச்சு மாதிரி அசடு வழிந்தது. தில்லையம்பலத்தார் இப்போது எழும்பி வருவதுகூட இல்லை. கதிரையில் இருந்தபடியே தலையை ஆட்டினார். நான் மனம் விட்டுப்போய் இரண்டு ஆணி வாங்கக் கடைக்குப் போனேன்.

தகப்பன் சந்தைக்குப் போயிருந்தார். புவனா ஆணி தரவில்லை. மூட்டைக் கயிறு வெட்டுவதற்குக் கடையில் வைத்திருந்த கொடுவாக்கத்தியை எடுத்து என் முன்னால் போட்டாள். "வடிவாய்ப் பாருங்கோ. அப்பா தினமும் பாவிக்கிற கத்தி. வாய் மினுங்குது. பிடி கைபட்டுக் கறுத்து வழுவழுவெண்டு கிடக்கு. கறள் எங்கை? இந்தக் கழுத்திலை, பிடிக்குள்ளை பூருற இடத்திலை. மற்றது, கொல்லன் அடிச்ச பள்ளங்களிலை. துணி போகாத இடம். நீங்கள் எல்லா இடமும் அப்புறியள். பாவிச்ச ஆயுதத்துக்கும் எறிஞ்ச ஆயுதத்துக்கும் வித்தியாசம் இல்லையோ?" நான்கு வருஷம் நான் செம்பாட்டிலும் சேற்றிலும் கள்ளிலும் தேடியது இவளுடைய கண்ணுக்கு முன்னால் கிடந்திருக்கிறது. இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். தகப்பனை ஏமாற்ற மகளே சொல்லிக்கொடுக்கலாமா என்று இவ்வளவு நாளும் யோசித்தாளாம். இப்போது யோசிக்க நேரமில்லை. கனடாவில் இருந்து ஒரு சம்பந்தம் வந்து, சாதகமும் பொருந்திவிட்டது.  அவள் பேச்சு மட்டும் வழக்கம்போல: "திருவிழா முடிய அப்பா அவைக்கு மறுமொழி எழுதப் போறார். கெதியாய்ச் செய்யுங்கோ. எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது."

சோளகம் அடித்த நாள்

அந்தத் திருவிழா நாடகத்தில் சின்னராசா அண்ணை அரசனல்ல, தகப்பன் வழி வந்த கொடுவாக்கத்தியோடு அரசனை எதிர்க்கும், வயல் உழும் கமக்காரன். தகரம் கிடைக்கவில்லை. முள்முருக்கு மரத்தில் கத்தியைச் செதுக்கினேன். பஞ்சு மாதிரி மெல்லிய மரம், வெட்டவும் தூக்கவும் சுகம். பென்சில் கரியைத் தூளாக்கி அலகில் தேய்த்து, போத்தல் அடியால் மினுக்கினேன். மரம் இரும்பாகியது. பிடியை இரண்டு கிழமை என் கையிலேயே வைத்திருந்தேன். சாப்பிடும்போதும் இடக்கையில் அதுதான். எண்ணெயும் வியர்வையும் ஊறிக் கறுத்தது. கழுத்திலும் பள்ளங்களிலும் மட்டும் கறள், ஒரு சிட்டிகை. இது தோற்றால் புவனா கனடா போவாள் என்ற நினைப்பில் அந்த ஒரு சிட்டிகையை ஏழு தரம் வைத்து ஏழு தரம் அழித்தேன்.

நாடகத்தன்று தில்லையம்பலத்தார் வழக்கம்போல மேடைக்குப் பின்னால் வந்தார். கத்தியை அவர் கையில் கொடுக்க எனக்குத் துணிவில்லை. மேசையில் கயிறு, சுத்தியல், தேங்காயோடு அதையும் சும்மா போட்டுவிட்டு விலகி நின்றேன். அப்போதுதான் சோளகக் காற்றுப் பிடித்தது. கோட்டை வரைந்த பெரிய சீன் திரை காற்றில் உப்பி, கட்டியிருந்த கம்பம் இரண்டும் பெண்களும் பிள்ளைகளும் இருந்த பக்கமாகச் சரியத் தொடங்கின. "கயிறு! சீனைக் கட்டின கயிறை வெட்டுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். மேசைக்குக் கிட்ட நின்றவர் தில்லையம்பலத்தார். முப்பது வருஷம் கயிறு வெட்டிய கை. சுத்தியலைத் தள்ளி, தேங்காயைத் தள்ளி, என் கொடுவாக்கத்தியைப் பாய்ந்து எடுத்தார். உள்ளங்கையில் துப்பினார். பெருவிரலைப் பிடிக்கழுத்தில் வாகாக வைத்தார். ஓங்கி ஒரு வெட்டு! கயிறு அப்படியே இருந்தது. அலகு முறிந்து பறந்துபோய் மிருதங்கத்தில் விழுந்து 'தொம்' என்றது. அதற்குள் சின்னராசா அண்ணை, வள்ளத்தில் பாய் இறக்கிப் பழகிய மனிதர், ஓடிவந்து முடிச்சை ஒரே இழுவையில் அவிழ்த்தார். கோட்டை மெதுவாக இறங்கி மேடையைப் போர்த்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

 தில்லையம்பலத்தார் கையில் பிடி மட்டும். முறிந்த இடம் வெள்ளை வெளேரென்று. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மட்டும் எழும்பி நின்றாள். யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்னும் ஐந்து நிமிஷத்தில் கத்தி மேடைக்கு வேண்டுமே என்று மாஸ்டர் அழுவார் போல நின்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை, இரண்டும் வந்தது. "முறிஞ்ச கத்தியோடை சண்டை பிடிக்கிறன், மாஸ்டர். அது இன்னும் திறம்" என்றார் சின்னராசா அண்ணை. தில்லையம்பலத்தார் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்துக் கறளைப் பெருவிரலால் தேய்த்தார், போகவில்லை. முறிவை மோந்து பார்த்தார். மீசை முதலில் துடித்தது, பிறகு தோள், பிறகு மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தபடி பிடியைச் சின்னராசா அண்ணையிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பாராமல் மாஸ்டரிடம் சொன்னார்: "முள்முருக்கு! கலியாணத்துக்குக் கன்னிக்கால் நடுறதும் உதே மரம்தான் மாஸ்டர். அடுத்த கொப்பை நானே வெட்டித் தாறன், நல்ல நாளைப் பாருங்கோ. கனடாக்காரருக்கு இண்டைக்கே எழுதுறன்."

எதையும் நூறு வருஷப் பழசாக்கிக் காட்டிய எனக்கு, அந்த வீட்டில் புது மாப்பிள்ளை என்ற பெயர் மாறிப் பழைய ஆளாவதற்கு மட்டும் முழுசாகப் பத்து வருஷம் எடுத்தது.